ஒரு பல் கூடுதல்

"என்னோட வண்டிய எதுக்குங்கம்மா தூக்கி அவன்கிட்டக் குடுத்தீங்க?"

கேட்டவர் சென்னியப்பன். வயது நாற்பத்தேழு.

கேட்கப்பட்டவர் எஸ்தரம்மா. வயது முப்பத்தெட்டு.

தன்னைவிட ஒன்பது வயது இளையவரிடம் தொழில் படிக்க வந்தவருக்குக் கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வரும்.

எஸ்தரம்மா பால் விடாத வரக்காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"வண்டி டாக்டரம்மாவோடதுங்கண்ணா," என்றார்.

அவ்வளவுதான் பதில்.



சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போகும் ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கும் கடைசி வயரிங் கடை எஸ்தரம்மாவுடையது. பதினேழு வயதில் லாரிக்கு வயர் இழுக்க ஆரம்பித்தவர். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்று யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் ஊர் அந்தக் கடையைத்தான் கைகாட்டும்.

ஆனால் பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் வருமா என்பதே சந்தேகம். வந்தால், அந்தப் பதிலுக்கு அர்த்தம் கேட்டு இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.

சென்னியப்பன் அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபது வருடம் டெலிபோன் வயர் வேலை. ரோட்டோரம் நிற்குமே பச்சைப் பெட்டி, அதற்குள் ஆயிரம் வயரைப் பிரித்து, அடுக்கி, கட்டி வைப்பது. அவர் கட்டிய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெரிய இன்ஜினியர் ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். இதை அவர் சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை.

மாதேஷ் சேர்ந்து எட்டு மாதம். தாளவாடிப் பக்கத்து மலைக்காரன். முப்பத்தைந்து வயது. முன்னாடி லாரி ஓட்டியவன். மீட்டர் பார்க்கத் தெரியாது. ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, அதில் இரண்டு துண்டு வயர். அவனிடம் இருந்த கருவி அது ஒன்றுதான்.

மூன்று வருடம் எங்கே, எட்டு மாதம் எங்கே?

சோறு தின்னும்போதும் பல் விளக்கும்போதும் சென்னியப்பனுக்கு இதே நினைப்பு.



இதற்கெல்லாம் மேல் ஒரு வேன் சீட்டு விஷயம் இருந்தது.

டாக்டர் குணவதி கோயம்புத்தூரில் மாட்டு டாக்டர். ஐம்பத்தெட்டு வயதில் பெரிய பைக் ஓட்டுகிறவர். அவரும் இன்னும் பதிமூன்று பேரும் சேர்ந்து பைக்கிலேயே லடாக் போய்வருவதாக இருந்தார்கள். நாற்பது நாள். பின்னாலேயே ஒரு வேன். அந்த வேனில் சாமான், மருந்து, அப்புறம் ஒரு வயரிங்காரர்.

ஒரே ஒரு வயரிங்காரர்.

யார் என்பதை எஸ்தரம்மா வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

சென்னியப்பன் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. தான்தான் போகிறோம் என்று மனைவி கமலத்திடம் சொன்னார். மச்சானிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் இடத்தில் சொன்னார். கிழக்கே ஈரோடு, மேற்கே கோயம்புத்தூர், அதைத் தாண்டி ஒரு ஊர் பார்த்ததில்லை பாவம். ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி, சத்தியமங்கலத்துச் சித்திரை வெயிலில் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

இனி போகவில்லை என்றால் தெருவில் தலைகாட்ட முடியாது.

அவரை விட்டால் அந்தச் சீட்டில் உட்காரக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.



பதினான்கு வண்டிக்கும் ஜி.பி.எஸ். மாட்ட வேண்டும். ஹேண்டில்பாரில் உட்கார்ந்துகொண்டு வழி சொல்லும் சின்னத் திரை. கடையில் அதற்கு மேப்புடப்பா என்று பேர்.

முதல் வண்டி டாக்டரம்மாவுடையது. அது நன்றாக ஓடினால் மீதி பதிமூன்றும் வரும்.

மாட்டியது சென்னியப்பன். பேட்டரியிலிருந்து டேங்குக்கு அடியில் வயரை இழுத்து, ஹேண்டில்பார்வரை கொண்டுவந்து, நாலு விரலுக்கு ஒரு கட்டு. பல் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, கேபிள் டை, அதை இழுத்து இறுக்கி மிச்சத்தை நகவெட்டியால் நறுக்கிவிடுவார். தடவிப் பார்த்தால் விரலில் கீறாது. வயர் ஒரு நூல் அளவுகூடத் தொங்காது.

டாக்டரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு திம்பம் மலை ஏறினார். திம்பத்துக்கு வழி தெரியாதவர் யாரும் இல்லை. இருப்பது ஒரே ரோடு. அந்த இருபத்தேழு வளைவிலும் அணையாமல் வந்தால் இமயமலையிலும் அணையாது என்பது அவர் எண்ணம்.

ஒன்பதாவது வளைவில் திரை அணைந்தது.

சென்னியப்பன் பியூஸ் மாற்றினார். மீட்டர் வைத்தார். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது.

மறுபடி மலை. மறுபடி ஒன்பதாவது வளைவு. அணைந்தது.

டப்பா உட்காரும் தொட்டியில் இருக்கும் பித்தளை முட்களைச் சுரண்டித் துடைத்தார். மீட்டர் வைத்தார். பன்னிரண்டரை.

மறுபடி அணைந்தது.

மொத்த வயரையும் பிடுங்கிப்போட்டுவிட்டுப் புது வயர் இழுத்தார். முன்னைவிட அழகாகக் கட்டினார். மீட்டர் வைத்தார். பன்னிரண்டரை.

பன்னிரண்டு நாள் ஓடியது. பதிமூன்றாம் நாள் டாக்டரம்மா ஒன்பதாவது வளைவிலிருந்து போன் பண்ணினார்.

சாயங்காலம் எஸ்தரம்மா வண்டிச் சாவியை எடுத்தார். சென்னியப்பன் கையை நீட்டினார். சாவி அவரைத் தாண்டி மாதேஷிடம் போயிற்று.

அதனால் வந்ததுதான் அந்தக் கேள்வி.



"வண்டி டாக்டரம்மாவோடதுதானுங்க. நான் இல்லைன்னு சொல்லலீங்க," என்றார் சென்னியப்பன். "ஆனா வேலை என்னோட வேலையில்லீங்களா?"

எஸ்தரம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன கோளாறுங்க?"

"டப்பாதானுங்க கோளாறு. வயர்ல ஒரு குத்தமும் இல்ல. பேட்டரிகிட்டப் பன்னெண்டரை. மேல டப்பாகிட்டயும் பன்னெண்டரை. நீங்களே வேணாப் பாருங்க."

"டப்பாவக் கழட்டிட்டுப் பார்த்தீங்களா, மாட்டிட்டுப் பார்த்தீங்களா?"

"கழட்டினாத்தானுங்களே மீட்டர் வெக்க முடியும்?"

எஸ்தரம்மா மாதேஷைப் பார்த்தார். அவன் பல்பைக் கொண்டுவந்து டப்பா இருக்கவேண்டிய இடத்தில் மாட்டினான். பல்பு எரிந்தது.

"உங்க மீட்டரையும் கூடவே வெய்யுங்கண்ணா."

சென்னியப்பன் வைத்தார்.

எஸ்தரம்மா ஹேண்டில்பாரைப் பிடித்து இடது பக்கம் முழுக்கத் திருப்பினார். கொண்டைஊசி வளைவில் திருப்புவதுபோல.

பல்பு சிவந்து சுருங்கியது. மீட்டர் நாலுக்கு வந்து நின்றது.

பல்பைக் கழற்றினார். ஹேண்டில்பார் அப்படியே திரும்பித்தான் இருந்தது. மீட்டர் பன்னிரண்டரைக்குப் போனது.

மறுபடி மாட்டினார். நாலு.

கழற்றினார். பன்னிரண்டரை.

"யாரும் ஒண்ணும் கேக்காதவரைக்கும் பன்னெண்டரை," என்றார் எஸ்தரம்மா.

பிளேடை எடுத்து ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பக்கத்தில் வயரின் மேல்தோலைக் கீறினார். உள்ளே இருந்த இழைகள் எல்லாம் அறுந்து கிடந்தன. இரண்டே இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டு, இந்தப் பக்கம் ஒரு கட்டு. இரண்டும் விரலில் கீறாத கட்டு.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். வயர் கம்பெனியைத் திட்டலாமா என்று யோசித்தார்.

"இருவது வருசம் பெட்டிக்குள்ள வயர் கட்டினீங்களேண்ணா," என்றார் எஸ்தரம்மா. "ஒரு பெட்டியாவது உங்களத் திரும்பிப் பார்த்துச்சுங்களா?"

மாதேஷ் களுக்கென்று சிரித்துவிட்டான்.

எஸ்தரம்மா கேட்டது சென்னியப்பனின் ஒரு காதில் மட்டும் விழுந்தது. இன்னொரு காது பூராவும் அந்தச் சிரிப்புதான் இருந்தது.



மாதேஷ் புது வயர் இழுத்தான்.

கழுத்துக்கு வந்ததும் வயரைக் கட்டவில்லை. கைப்பிடி அளவுக்கு ஒரு வளையம் தளர்வாக விட்டுவிட்டு, அதைத் தாண்டிப்போய்க் கட்டினான். அந்தக் கட்டும் கோணல். வெட்டின முனை முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றது.

ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினான். வளையம் சுருங்கியது. வலது பக்கம் திருப்பினான். வளையம் தொங்கியது. பல்பு ஒரே மாதிரி எரிந்தது.

"என்னப்பா இது, கோவணம் மாதிரி தொங்குது," என்றார் சென்னியப்பன்.

"தொங்கட்டுமுங்க," என்றார் எஸ்தரம்மா.

சொல்லிவிட்டு அந்த வளையத்தை ஒரு விரலால் தட்டினார். அது ஆடியது. எஸ்தரம்மா சிரித்தார்.

மூன்று வருடத்தில் அந்த அம்மாள் எதற்கும் சிரித்து சென்னியப்பன் பார்த்ததில்லை. அவர் கட்டிய ஆயிரம் கட்டில் ஒரு கட்டைப் பார்த்துக்கூடச் சிரித்ததில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஒடம்புக்கு என்னங்க?" என்றாள் கமலம்.

"அவனப் பார்த்துச் சிரிச்சாங்க."

"யாரு?"

"எஸ்தரம்மா."

"சரி, அதுக்கு?"

"என்னப் பார்த்துச் சிரிக்கல."

கமலம் தட்டில் மிஞ்சிய சோற்றைப் பார்த்தாள்.

"அதுக்கா அரைச் சோத்துல எந்திரிச்சீங்க? நாளைக்கு நானும் வந்து ரெண்டு சிரிப்புச் சிரிச்சுட்டு வரட்டுங்களா?"

பெண்டாட்டியின் கேலி வேறு. சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. அது பசி இல்லை.



வியாழக்கிழமை. மதியம் ஒரு மணி.

டாக்டரம்மா வண்டியை எடுக்க இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மாதேஷ் சாப்பிடப் போயிருந்தான். எஸ்தரம்மா ஒரு கரும்பு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். காலிரண்டும் மட்டும்தான் வெளியில் தெரிந்தன.

டாக்டரம்மாவின் வண்டி நிழலில் நின்றது.

சென்னியப்பன் அதைச் சும்மா ஒரு சுற்று வந்தார்.

வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. சனியன், அது தொங்கியதுகூடப் பெரிதில்லை. அவரைப் பார்த்து ஆடியது.

அழகுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைப் பேர் கெட்டுவிடக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டார். மனுஷனுக்கு இந்த மாதிரி நேரத்தில் நல்ல நல்ல காரணமாக வரும்.

ஒரு கேபிள் டையை எடுத்தார். வளையத்தை இழுத்து மடக்கி, கழுத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். பட்டையை இழுத்தார். கர்ர் என்று பல் பல்லாக ஏறியது. வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. கைக்கு அந்த இடம் தெரியும். இருபத்துமூன்று வருடப் பழக்கம்.

கை அங்கே நிற்கவில்லை. இன்னும் ஒரு பல் இழுத்தது.

நகவெட்டியால் முனையை நறுக்கினார். தடவிப் பார்த்தார். கீறவில்லை.

லாரிக்கு அடியிலிருந்த கால்கள் அசையவில்லை.

போய்க் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார், ஹெல்மெட்டை மாட்டினார், போனார். மாதேஷ் கை காட்டி வழியனுப்பினான். சென்னியப்பனும் காட்டினார்.



நாலரை மணிக்கு டாக்டரம்மா ஒரு தக்காளி வேனில் வந்து இறங்கினார். பின்னால் வண்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கண்ணாடி ஒன்று இல்லை. டாக்டரம்மாவின் முழங்கையில் துணி சுற்றி ரத்தம் ஊறியிருந்தது.

மாதேஷ் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"ஒண்ணுமில்லப்பா, தோல்தான் போயிருக்குது," என்றார் டாக்டரம்மா. "பதினொண்ணாவது வளைவு. நல்லாத்தான் வந்துச்சு. திருப்பறேன், பொசுக்குன்னு திரை அணைஞ்சுது. என்னடான்னு ஒரு நொடி குனிஞ்சு பார்த்தேன். சக்கரம் ஜல்லில ஏறிடுச்சு."

தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மேல இருந்து ஒரு லாரி. நான் விழுந்து கெடக்கறேன், என் தலைக்கு ரெண்டடி தள்ளிப் போகுது. ரெண்டே அடி."

டாக்டரம்மா முழங்கைத் துணியை இறுக்கிக்கொண்டார்.

"இந்தத் தடவ வண்டியப் பார்த்தது யாருங்க?"

எல்லோரும் மாதேஷைப் பார்த்தார்கள்.

சென்னியப்பனும் பார்த்தார்.

அந்த இரண்டடி அவர் வயிற்றைப் பிசைந்தது. நிஜமாகவே பிசைந்தது, பொய்யில்லை. ஆனால் எல்லார் கண்ணும் மாதேஷ்மேல் விழுந்தபோது அதே வயிற்றில் ஒரு மூலை குளிர்ந்ததே, அதுவும் நிஜம்தான். அதை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

எஸ்தரம்மா டேங்கைக் கழற்றினார். கழுத்தில் வயர் விறைத்து நின்றது. திருப்பத் திருப்ப இழுபட்டு, டேங்குக்கு அடியில் இருந்த மூட்டிலிருந்து வயர் உருவிக்கொண்டு வந்திருந்தது.

ஒரே ஒரு கட்டை மட்டும் பார்த்து வெட்டினார். வெட்டியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.



வெள்ளிக்கிழமை காலை எஸ்தரம்மா இரண்டு பேரையும் பெஞ்சுக்குக் கூப்பிட்டார்.

சட்டைப் பையிலிருந்து அந்தக் கேபிள் டையை எடுத்து நடுவில் வைத்தார். சின்னக் கறுப்பு வளையம். ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது.

"இதக் கட்டினவங்க வேன்ல ஏறப் போறதில்ல," என்றார். "இன்னொருத்தர் ஏறுவார். யார் கட்டினீங்கன்னு நீங்களே சொல்லுங்க."



சொல்லிவிட வேண்டும் என்று சென்னியப்பன் நினைத்தார். கமலம் ஞாபகத்துக்கு வந்தாள். டீக்கடை ஞாபகத்துக்கு வந்தது. பீரோவில் மடித்து வைத்த ஸ்வெட்டர் வந்தது. வாயைத் திறந்தார்.

"நாந்தானுங்கம்மா," என்றான் மாதேஷ்.

சென்னியப்பன் திறந்த வாயை மூட மறந்துவிட்டார்.

"நீயா?" என்றார் எஸ்தரம்மா.

"நானாத்தானுங்க இருக்கும். சாப்பிடப் போற அவசரத்துல கட்டியிருப்பேன். ஞாபகமே வர மாட்டீங்குது." அவன் கண் சிவந்திருந்தது. "ரெண்டடின்னு சொன்னாங்களேம்மா. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லீங்க. அவங்க போய்ச் சேர்ந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"தளர்வா விட்டவன் நீ. நீயே ஏன் கட்டப் போற?"

மாதேஷ் தலையைச் சொறிந்தான். எழுந்துபோய்த் தன் டூல்ஸ் பெட்டியைத் திறந்தான். அடியிலிருந்து ஒரு கட்டு துண்டு வயரை எடுத்துவந்து பெஞ்சில் போட்டான்.

உடைந்த துடைப்பம்போல இருந்தது. நெடுக இருபது முப்பது கட்டுகள். எல்லாம் கோணல். சிலது தொளதொள. முனையெல்லாம் கடித்துத் துப்பியதுபோலப் பிசிறு பிசிறாக நின்றது. கூடவே ஒரு புது நகவெட்டி.

"சென்னியண்ணன் கட்டற மாதிரி கட்டணும்னு ஆசைங்கம்மா," என்றான். "எட்டு மாசமா அவரு கையத்தான் பார்த்துட்டு இருக்கறேன். கேட்டா என்ன நெனப்பாரோன்னு கேக்கல. அவரு இல்லாத நேரம் பார்த்து எடுத்து எடுத்துப் பழகறதுங்க. எனக்கு இந்தக் கை வராது, நம்ம பொழப்பு பல்புதான்னு அழுகையா வருமுங்க. அவரு கட்டறதப் பார்த்தா வயிறு எரியும்."

சென்னியப்பன் அந்தத் துடைப்பத்தையே பார்த்தார்.

"அந்த நெனப்புலதான் வண்டிலயும் கைய வெச்சுப்போட்டேன்போல. கை தானாப் பண்ணியிருக்குது. மன்னிச்சுக்குங்க. அண்ணனையே அனுப்புங்க. அவருதான் போகோணும். மூணு வருசமா இருக்கறாரு."

எஸ்தரம்மா சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களாண்ணா? அவன் கட்டினானாம்."



சென்னியப்பன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. லடாக் சீட்டு இதோ உறுதியாகிவிட்டது. சும்மா நின்றால் போதும். நாற்பது நாள், பனி, மலை, திரும்பிவந்து டீக்கடையில் சொல்ல ஒரு வருடத்துக்குக் கதை. மாதேஷே கொண்டுவந்து கையில் வைக்கிறான்.

மாதேஷ் பெஞ்சிலிருந்த கேபிள் டையைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நறுக்கிய முனையைக் கட்டைவிரலால் தடவினான். ஒரு தடவை. இரண்டு தடவை. அழுத கண்ணோடேயே முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆனா பாருங்கம்மா," என்றான். "துளிகூடக் கீறல. எம்பட கைக்கு இப்படி ஒரு தடவகூட வந்ததில்லீங்க. இனி வருமோ என்னமோ."

மாதேஷ் எஸ்தரம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"இத நான் வெச்சுக்கட்டுங்களா? கட்டினதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன். இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும். நாந்தான் கட்டினேன்னு எப்பயாவது எடுத்துப் பார்த்துக்குவேன்."

"வெச்சுக்கோ," என்றார் எஸ்தரம்மா.

மாதேஷ் அதைச் சட்டைப் பையில் போடப் போனான்.

சென்னியப்பன் பெஞ்சுக்கு மேலாக எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடிக்க வைத்தது நியாயமா, வயிற்றெரிச்சலா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. 

"குடுறா அத," என்றார். "அது நான் கட்டினது."